முன் சீட்டில் குழாய் இல்லை

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் வேறு ஜோலி பார்க்கலாம். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நடந்தது என் சகலை அர்த்தனாரிக்கு. பொய் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில்கூட உளறி மாட்டிக்கொள்கிற ஆள் அவன். இதைச் சொன்னபோது மட்டும் அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டான். முழுச் சொம்பையும் ஒரே மூச்சில் குடித்தான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாற்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். காவிரிக் கரையோரப் பொட்டல் ஒன்றில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முகாம் போட்டிருந்தார்கள். சின்னச் சின்ன விமானங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு. கூரை கிடையாது. முன் சீட்டில் வாத்தியார், பின் சீட்டில் பையன். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காதே, அதற்காக ஒரு ரப்பர் குழாய். வாத்தியார் முன் பாதியில் வாயை வைத்துப் பேசினால், பின் பாதியைக் காதில் மாட்டியிருக்கும் பையனுக்குக் கேட்கும். தனியாகப் பறக்கும்போதும் பையன் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். முன் சீட்டு காலியாக இருக்கும்.

அர்த்தனாரி ராசிபுரத்துப் பக்கத்துப் பையன். அவன் விமானம் ஓட்டப் போகிறான் என்று ஊரே திரண்டு மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டது. மேளம்கூட வைத்தார்களாம். அப்படிப் புறப்பட்டு வந்தவன் முகாமில் வாங்கின பெயர் என்ன தெரியுமா? தவளை.

ஏனென்றால் அவன் இறங்க மாட்டான். குதிப்பான். வானத்தில் எல்லாம் சரியாகச் செய்வான். தரை பக்கத்தில் வந்ததும் கை உறைந்துவிடும். ஸ்டிக் என்கிற ஓட்டும் தடியைத் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் இழுக்க மாட்டான். தட்டென்று சக்கரம் மோதும். விமானம் எகிறும். மறுபடி தட். மறுபடி எகிறும். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் ஒவ்வொரு குதிக்கும் "ஹோ" என்று கத்துவார்கள்.

வில்மட் துரைதான் வாத்தியார். நல்ல மனுஷன், ஆனால் பொறுமை தீர்ந்துவிட்டது. "தரையில் இறங்கப் பார்க்காதே அப்பனே. இறங்காமல் இருக்கப் பார். கடைசிவரை தூக்கிக்கொண்டே இரு. அது தானாக உட்காரும்" என்று இங்கிலீஷில் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அர்த்தனாரி ஒரே இறக்கத்தில் நான்கு குதி குதித்தான். துரை தலையில் கை வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை தனியாகப் போய்விட்டு வா. நீ இறங்குவதை நானே நின்று பார்ப்பேன். ஒரு குதி குதித்தாலும் பெட்டியைக் கட்டிக்கொள்."

மாலையும் மேளமுமாக அனுப்பிவைத்த ஊருக்குப் பெட்டியோடு போய் இறங்குவதா? அர்த்தனாரிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போவதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியதாகச் சொன்னான். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தோன்றியிருக்கிறது.

சனிக்கிழமை காலை. மெக்கானிக் குப்புசாமி விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். முன் சீட்டுப் பெல்ட்டைக் காலி சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். தொங்கினால் முன் சீட்டு ஸ்டிக்கில் மாட்டும் என்பதால் எப்போதும் அப்படிக் கட்டுவதுதான்.

"முன் சீட்டுக் குழாய் கிழிஞ்சு போச்சுங்க. கழட்டி ரூம்ல வெச்சிருக்கேன். தனியாத்தானே போறீங்க, உங்ககிட்ட யாரு பேசப் போறா?" என்றார்.

"வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"இதுக்கென்னங்க குறைச்சல்? போன வருசம் கொல்லிமலை மேல போயி மோதிக் காலை ஒடைச்சுக்கிட்டு வந்துச்சே, அந்த வண்டிதான் இது. புதுக் கால் போட்டிருக்கோம். செவ்வாக்கெழம நீங்க குதிச்ச நாலையும் இதே வண்டிதான் தாங்குச்சு. இன்னும் எத்தனை குதிச்சாலும் தாங்கும், போங்க."

அந்தக் கதை முகாமில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷத்துப் பையன் ஒருவன், மலைமேல் எஞ்சின் நின்று, ஏதோ ஒரு வெள்ளாமைக் காட்டில் மூன்று குதி குதித்து இறங்கினான். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் நடந்தே கீழே வந்து சேர்ந்தான். சேதம், ஒரு சக்கரக் கால். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அர்த்தனாரி கிளம்பினான். போகச் சொன்ன வழி, ஆற்றோடு போய்த் திரும்புவது. மலைப் பக்கம் போகக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் அவன் மண்டைக்குள் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் கொல்லிமலை மேல் மேகம் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் வெள்ளைத் தரை. மேடு பள்ளம் இல்லாத, யாரும் "ஹோ" என்று கத்தாத தரை. அதன்மேல் இறங்கிப் பழகினால் என்ன? மோதினாலும் அடிபடாது. பத்துத் தடவை பழகிவிட்டு, கை சரியான பிறகு, துரை முன்னால் போய் இறங்கலாம்.

இப்படி ஒரு கிறுக்கு யோசனை அவனைத் தவிர யாருக்கு வரும் சொல்லுங்கள். ஆனால் அவன் நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

மலைமேல் போனான். மேகம் அவன் நினைத்தபடியே கிடந்தது. வேகத்தைக் குறைத்து, மெல்லத் தாழ்ந்து, சக்கரம் வெள்ளையைத் தொடும் அளவுக்கு வந்தான். கை உறைந்தது. விமானம் மேகத்துக்குள் பொதுக்கென்று முங்கியது. மேலே ஏறி மறுபடி வந்தான். மறுபடி முங்கியது.

மூன்றாவது தடவை தாழும்போது ஒரு வாசனை வந்தது. பச்சைத் தழை புகைகிற வாசனை. அத்தனை உயரத்தில், காற்று முகத்தில் அறைகிற இடத்தில், புகை எப்படி வரும்? அவன் எஞ்சினைப் பார்த்தான். எஞ்சினில் புகை இல்லை.

நான்காவது தடவை. சக்கரம் மேகத்தைத் தொடப் போகிறது...

"தூக்கு சாமி!"

காதுக்குள். குழாய் வழியாக.

அவன் நினைக்கவே இல்லை. கை தானாக ஸ்டிக்கை இழுத்தது. மூக்கு மேலே எழும்பியது. அடுத்த நொடி, வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பாறை முகடு கறுப்பாக வெளியே வந்து, சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே ஓடி மறைந்தது. மேகத்துக்குள் மலை உச்சி ஒளிந்திருந்தது. இழுக்காமல் இருந்திருந்தால் அன்றோடு முடிந்தது கதை.

உயிர் பிழைத்தோம் என்ற எண்ணம் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

யார் பேசினது?

முன் சீட்டைப் பார்த்தான். காலி. கட்டின பெல்ட் கட்டினபடியே இருந்தது. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி. அதுவும் அந்தக் குரல்... துரைக்குத் தமிழே தெரியாது. இது மலைக்காரன் பேச்சு. வயசான குரலும் இல்லை.

திரும்பிவிடலாம் என்று விமானத்தைச் சாய்த்தான். திரும்ப வழி இல்லை. பின்னால் மேகம் எழும்பி மூடிக்கொண்டு வந்தது. நாலு பக்கமும் வெள்ளை. அவனும் அதற்குள் போய்விட்டான். இறக்கை நுனி தெரியவில்லை. கண்ணாடி எல்லாம் ஈரம்.

எஞ்சின் இருமியது.

ஒரு தடவை... இரண்டு தடவை... "காப்பாத்து, அறப்பளீஸ்வரா" என்று வாய்விட்டு அழுதான். மலைமேல் இருக்கிற சாமி அதுதான். மூன்றாவது இருமலோடு எஞ்சின் நின்றது.

சத்தமே இல்லை.

இறக்கைகளைக் கட்டியிருக்கும் கம்பிகளில் காற்று அறுபடும் "ஊ...ங்" என்ற ஓசை மட்டும். விமானம் தாழ்ந்துகொண்டே இருந்தது. கீழே மலையா, மரமா, பள்ளமா, ஒன்றும் தெரியாது.

அப்போது வெள்ளைக்குள் ஓர் ஓட்டை விழுந்தது. அதற்குள் புகை. நேராக எழுந்து ஒரு பக்கமாகச் சாய்கிற ஒற்றைப் புகை. புகையை வைத்துத்தான் காற்றுப் பக்கம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பயிர் இல்லாத காட்டைப் பார்த்து இறங்கு என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு காடு. சுற்றிலும் சாமையும் கேழ்வரகும் கதிர் விட்டு நிற்க, நடுவில் அது ஒன்று மட்டும் விதைக்காமல், வெறும் புல்லாக, நீளமாக, தட்டையாகக் கிடந்தது. அவனுக்காகவே ஒதுக்கி வைத்ததுபோல.

அதை நோக்கித் திருப்பினான்.

தரை ஏறி வந்தது. கை உறைந்தது.

"தூக்கு சாமி..."

அதே குரல். ஆனால் இப்போது அது அழுதது.

"தூக்கு சாமி... தூக்கு... தூக்கு..."

இழுத்தான். புல் பக்கத்தில் வந்தது.

"இன்னும் சாமி... இன்னும்..."

இழுத்தான்.

"வேண்டாம் சாமி... வேண்டாம்..."

முழுக்க இழுத்தான். ஸ்டிக் வயிற்றில் இடித்தது. அதற்கு மேல் இழுக்க இடமில்லை...

ஒன்றும் ஆகவில்லை.

சக்கரம் எப்போது தொட்டது என்றே தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் விமானம் புல்லில் உட்கார்ந்திருந்தது. உருண்டு போய் நின்றது. ஒரு குதி இல்லை.

காதுக்குள், இழுத்துப் பிடித்திருந்த மூச்சை யாரோ மெதுவாக விட்டார்கள்.

அர்த்தனாரி குழாயைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே குதித்தான்.  அப்படியே புல்லில் உட்கார்ந்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உயிரோடு இருக்கிறோம், அதுவும் குதிக்காமல் இறங்கியிருக்கிறோம். அந்த நிலைமையிலும் துரை பார்க்கவில்லையே என்று ஒரு ஆதங்கம் வேறு. மனுஷ மனம் இருக்கிறதே!

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஈரத் தழைக் கட்டு. விமானத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை. அவனையும் பார்க்கவில்லை. நேராக வந்து, தழையைக் கீழே போட்டு, மண்டியிட்டு, சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ன தேடுறீங்க?"

"எங்க ஊட்டுக்காரரைங்க."

அவன் பதறி எழுந்தான். "ஐயோ! யாரும் இல்லீங்களே... யாரும் அடிபடலீங்களே!"

அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாங்க சாமி. இந்தத் தடவ அடிபடலை" என்றாள்.

அவள் பெயர் இருசாயி. அந்த இடம் திருப்புலி நாடு; மலைமேல் ஊர்க்கூட்டத்தை நாடு என்றுதான் சொல்வார்கள். பின்னாலேயே அவள் கொழுந்தன் வேலப்பன் ஓடிவந்தான். அர்த்தனாரியை வீட்டுக்குக் கூட்டிப்போய், களி போட்டு, கம்பளி கொடுத்துவிட்டு, அவன்தான் எல்லாம் சொன்னான்.

போன வருஷம் அந்தக் காட்டில் சாமை விளைந்து நின்றது. வேலப்பனின் அண்ணன் முத்தன் பரண்மேல் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தான். பன்றி ஓட்டப் புகை போட்டிருந்தான். புகையைப் பார்த்து ஒரு விமானம் வந்தது. இறங்கி எகிறியது. மறுபடி இறங்கி எகிறியது. நேராகப் பரணைப் பார்த்து.

"அண்ணன் குதிச்சு ஓடியிருக்கலாமுங்க. கால் வரலை அவருக்கு. எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் மேல தூக்கி, தூக்கு சாமி, தூக்கு சாமின்னு கத்துனாரு. மேட்டுல நின்ன எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மூணாவது குதி அவரு மேலதானுங்க."

அர்த்தனாரி களித் தட்டைக் கீழே வைத்தான்.

"முகாம்ல... எங்ககிட்ட... ஒரு சக்கரம்தான் போச்சுன்னு சொன்னாங்க."

"பட்டாளத்துக்காரங்க வந்து வண்டியைப் பிரிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. எங்களை ஒண்ணும் கேக்கலை. கெட்ட சாவு விழுந்த காடு, வருசம் திரும்பற வரைக்கும் விதைக்க மாட்டோமுங்க. அண்ணன் அங்கதான் இருப்பாரு. குளிருமேன்னு அண்ணி தினம் போயி புகை போட்டுட்டு வாராங்க."

புகை. விதைக்காத காடு. செத்தவனுக்காக வைத்த இரண்டையும் பார்த்துத்தான் அவன் இறங்கியிருக்கிறான்.  இருந்தாலும் மனசுக்குள் ஒரு நன்றி. எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தது அந்த மகராசன்தானே என்று நினைத்தான். அதை அவளிடம் சொல்லவும் செய்தான். குரல் கேட்டதை, அதனால் பிழைத்ததை, எல்லாம்.

இருசாயி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு உங்களுக்கு வழி சொல்லலீங்க சாமி. மேல விழ வேண்டாமுன்னு கெஞ்சியிருக்காரு."

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"தினமும் கெஞ்சுறாருங்க. காட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, குரல் மட்டும் கேக்கும். அப்புறம் தட்டுனு ஒரு சத்தம். பொதைச்ச மனுசன் எத்தனை தடவைங்க சாவாரு? சில நாள் ஒருக்கா. சில நாள் ரெண்டு மூணு தடவ. போன செவ்வாக்கெழமதான் ரொம்பக் கொடுமை. ஒண்ணு மாத்தி ஒண்ணு... நாலு தடவ. காதைப் பொத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள கெடந்தேன்."

செவ்வாய்க்கிழமை. நான்கு.

  அதே செவ்வாய்க்கிழமை தான் குதித்த நாலு குதியை அவன் அவளிடம் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வான்? துக்கத்தில் இருக்கிறவள், ஏதோ பிரமை, நாலும் நாலும் தற்செயலாக ஒத்துப்போனது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வில்மட் துரை மலையேறி வந்து சேர்ந்தார். வேலப்பன் ஆள் அனுப்பியிருந்தான். பின்னால் பெட்ரோல் டின்களைச் சுமந்துகொண்டு நாலு பேர். துரை திட்டுவார் என்று அர்த்தனாரி நடுங்கிக்கொண்டு நின்றான். அவரோ புல்லில் சக்கரம் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார். ஒரே கோடு. எங்கும் விட்டுப் போகவில்லை.

"இதை நீயா செய்தாய்?"

"ஆமாம் சார்."

"பெட்டியைக் கட்ட வேண்டாம்" என்றார் துரை.

இந்த ஒரு வார்த்தைக்காக அவன் எத்தனை நாள் ஏங்கியிருப்பான்! கேட்டபோது அவனுக்குச் சந்தோஷமே வரவில்லை.

துரை எஞ்சினைச் சோதித்து, தனியாக ஏறி, விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனார். கனம் கூடாது என்று அவனை நடந்து வரச் சொல்லிவிட்டார். வானம் வெளுத்திருந்தது. விமானம் சின்னப் புள்ளியாகிக் கீழே சமவெளிப் பக்கம் மறைந்தது. சத்தமும் போய்விட்டது.

அவன் வேலப்பனோடு சோளக்காடு ஊர் வழியாகப் போகும் மலைப் பாதையில் இறங்கப் புறப்பட்டான். இருசாயி புகை போட வந்திருந்தாள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவள் பக்கம் போனான்.

அவள் தழையைக் கீழே போட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க?"



காற்று நின்றுவிட்டது. சுற்றிலும் சாமைக் கதிர் ஒன்றுகூட அசையவில்லை.

"தூக்கு சாமி..."

காதில் குழாய் இல்லை. விமானமும் இல்லை. வெட்டவெளியில், புல்லுக்கு நடுவிலிருந்து...

"தூக்கு சாமி... தூக்கு... தூக்...!"

தட்.

காலடியில் தரை அதிர்ந்தது. காட்டின் நடுவில் ஓர் ஆள் அளவுக்குப் புல் படுத்தது. யாரும் மிதிக்கவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

கையில் கட்டியிருந்த கடிகாரத்தை அவன் பார்த்தான். மூன்றே கால். ஏன் பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இருசாயி காதிலிருந்து கையை எடுத்தாள். "இன்னைக்கு ஒருக்காதான்" என்று சொல்லிவிட்டுத் தழையைப் பொறுக்கினாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவன் முகாம் வந்து சேர்ந்தான். மரத்தடியில் அந்த விமானம் நின்றது. குப்புசாமி சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து துரை... நல்லா இறங்குனாருங்களா?"

குப்புசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. பக்கக் காத்து அடிச்சு அவரே தட்டிப்புட்டாரு. ஒரே ஒரு குதி. உங்களைத் தவளைன்னு சொன்ன மனுசன்!"

"மணி எத்தனை இருக்கும்?"

"டீ வந்த நேரமுங்க. மூணேகால் இருக்கும். ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

அர்த்தனாரி விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த வண்டியை ஓட்டாம நிறுத்தி வெக்க முடியாதுங்களா? ஏதாச்சும் ரிப்பேர்னு சொல்லி... உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"நல்லாக் கேட்டீங்க போங்க!" குப்புசாமி ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார். "இருக்கறதுலயே கெட்டிக் கால் இதுக்குத்தானே? காலையில புதுப் பசங்க பன்னெண்டு பேரு வாராங்க. இறங்கிப் பழகறதுக்கு இந்த வண்டியைத்தான் குடுக்கச் சொல்லியிருக்காரு துரை."